கிளம்பிவிட்ட மூட்டை

சிவமயம்

ஹோம்புஷ், சிட்னி
3-5-1970, ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், வாசு மாமா, அவன் மகள் கிரிஜா மூவரும் சுகம். அங்கே புனோம் பென்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இருவரும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது, ரேடியோ அப்படிச் சொல்லவில்லை, எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் போன திங்கட்கிழமைதான் என் கைக்கு வந்தது. நீ எழுதியது மார்ச் பதினாலாம் தேதி, ஆறு வாரம் எங்கே கிடந்ததோ, உறையை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். நீ எழுதி நாலே நாளில் உங்கள் இளவரசர் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை அமெரிக்கப் பட்டாளம் எல்லை தாண்டி உங்கள் நாட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று வாசிக்கிறார்கள். ஆனால் உன் கடிதத்தில் மாம்பழம் மலிவாக வந்திருக்கிறது, சின்னவனுக்குப் பல் ஆடுகிறது, மாப்பிள்ளை துணிக்கடைக்குப் புதுக் கண்ணாடி அலமாரி போட்டிருக்கிறார். நீ எழுதியிருக்கும் அந்த நாடு இப்போது உன் கடிதத்துக்குள் மட்டும்தான் இருக்கிறது.

தந்தி இரண்டு கொடுத்தோம், பதில் இல்லை. தந்தியில் வா என்று சொல்லலாம், ஏன் வரவேண்டும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். கிரிஜாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு டாக்டர் செவ்வாய்க்கிழமை பாங்காக் போகிறார், அங்கிருந்து புனோம் பென் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இது உன் கையில் சேர்ந்தால் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் படித்துவிடு. அம்மா வழக்கம்போல ஊர்க்கதை எழுதுகிறாள் என்று பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

இங்கத்துச் சமாச்சாரம் சொல்லவேண்டுமானால் குளிர் ஆரம்பித்துவிட்டது. காற்று வடக்கே திரும்பினால் கசாப்புக்கூடத்து வாடை ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. வாசு மாமா வேலை வேலை என்று திரிகிறான், கிரிஜா இட்லிக்கு அரைக்க மிக்ஸியோடு மல்லுக்கட்டுகிறாள், மாவு புளிக்கமாட்டேன் என்கிறது. இந்த நாடும் சண்டையில்தான் இருக்கிறது, ஆனால் கடைத்தெருவில் நடந்தால் அப்படி ஒரு அடையாளமும் கிடையாது. இருபது வயதுப் பையன்களின் பிறந்த தேதியைக் கோலிக்குண்டில் எழுதிப் பீப்பாயில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள், தேதி வந்தவன் பட்டாளத்துக்குப் போகவேண்டும். கீழ்வீட்டு அம்மாளின் மகனுக்குத் தேதி வந்துவிட்டது. அவள் நேற்றும் எப்போதும்போலத் துணி உலர்த்தினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஒரே சட்டையைக் கொடியில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து அரைமணி நேரம் நின்றுகொண்டிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை சண்டை வேண்டாம் என்று டவுன் ஹால் பக்கம் பெரிய ஊர்வலமாம். நானும் போகலாமா என்று கேட்டேன், மூட்டுவலியோடு எங்கே போகிறாய் அக்கா என்று வாசு மாமா அடக்கிவிட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் இரண்டு இடம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, இந்த நாடு யார் பக்கமும் இல்லை, அத்தையைப் பயப்பட வேண்டாம் என்று சொல் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறாய். இன்னொன்று, எனக்காகப் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்தில் விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் தேவராஜா வீட்டில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய், பயணம் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாகப் பரஸ்தானம் வைத்துவிட்டீர்கள், பாஸ்போர்ட்டையும் அதிலேயே போட்டாயிற்று, அதனால் நாங்கள் கிளம்பிவிட்டதாகவே வைத்துக்கொள் அம்மா, குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஜூன் மாசம் உடம்பையும் கொண்டு வருகிறோம் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நீ சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாய். நான் அந்த வரிக்கு மேல் படிக்காமல் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நானும் ஒரு மூட்டையை நல்ல நேரத்தில் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவள்தான். அதை உனக்கு நான் இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லவில்லை. உன் அப்பா காய்ச்சலில் போனார் என்று சொன்னது பொய் சந்திரா. வருஷாவருஷம் வாசு மாமா திதி கொடுக்கிறானே, அந்தத் திதியும் நானாகச் சொன்னதுதான்.

நீ பிறந்தது சயாமில் சிங்கோரா என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா அங்கே ஒரு அரிசி ஆலையில் கிளார்க். உலகமெல்லாம் அடித்துக்கொண்டு கிடந்தது, நாங்கள் இருந்த நாடு மட்டும் நடுநிலை. ஆலையின் தகரக் கூரைமேல் சயாம் கொடியைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள், மேலே பறப்பவனுக்கு இது யாருடைய சண்டையிலும் சேராத இடம் என்று தெரியவேண்டுமாம். உன் அப்பாவுக்கு அந்தக் கூரைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. பினாங்கிலிருந்து என் அப்பா கடிதத்துக்குமேல் கடிதம் போட்டார், பெண்ணையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போய்விடலாம் என்று. இந்த நாடு யார் பக்கமும் இல்லை, மாமாவுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று இவர் சிரிப்பார். கடைசியில் என் அழுகைக்காக ஒப்புக்கொண்டார், எல்லை தாண்டுவதற்குப் பெர்மிட் காகிதமும் வாங்கிவிட்டார்.

நாற்பத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மூன்றாம் தேதி புதன்கிழமை நல்ல நாள். ஆனால் நான் கார்த்திகைத் திங்கள் விரதம் பிடித்திருந்தேன், எட்டாம் தேதி நாலாவது திங்கள், பயணத்தில் விரதம் குலைந்துபோகும், அதை முடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பலாம் என்றேன். நல்ல நாளையும் விட மனசில்லை. அதனால் புதன்கிழமை காலையில் அவருடைய வேட்டி ஒன்று, என் புடவை ஒன்று, உன் சட்டை, ஒரு மஞ்சள் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து நான் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுக்க, உன் அப்பா ஸ்டேஷன் பக்கம் இருந்த அரியரத்தினம் என்பவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். பரஸ்தானம் வைத்தால் மூன்று நாளுக்குள் கிளம்பிவிடவேண்டும் என்பார்கள். சனிக்கிழமையோடு மூன்று நாள் முடிந்துவிட்டது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் நாங்கள் இல்லாதமாதிரியே இருந்தது. நீ அழவில்லை. பூனை வாசல்வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

திங்கட்கிழமை விடியற்காலையில் குளித்துவிட்டு வாசலில் விளக்கேற்றினேன். நல்ல மழை. கடற்கரைப் பக்கமிருந்து இடி மாதிரி ஒரு சத்தம், மறுபடி ஒரு சத்தம், இடி என்றுதான் நினைத்தேன், ஆனால் மின்னல் இல்லை. வெளிச்சம் வந்தபோது தெருவில் ஜனங்கள் ஓடினார்கள், ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றார்கள். உன் அப்பா பதறவில்லை, இன்றைக்கே கிளம்பிவிடுவோம், ரயில் ஓடினால் ரயில், இல்லாவிட்டால் நடை என்றார். பெர்மிட் எங்கே என்று கேட்டார். மூட்டைக்குள் என்று நான் சொன்னேன். பயணத்துக்கு முக்கியமானது எதுவோ அதைப் பரஸ்தானத்தில் வைப்பது வழக்கம், அதனால் வைத்ததாகவே எனக்கு ஞாபகம். சரி, நீ குழந்தையோடு இரு, நான் ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

அவர் படியிறங்கின பிறகு உனக்குக் கஞ்சி வைப்பதற்காக அரிசி டின்னை நகர்த்தினேன். அடியில் பெர்மிட். எறும்பு அரிக்கக்கூடாது என்று எண்ணெய்த்தாளில் சுற்றி நானே வைத்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் தெருத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தார், கறுப்புக் குடை, நனைந்த வேட்டி, நன்றாகத் தெரிந்தது. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பது ஒருபக்கம், அதையும் மீறிக் கூப்பிட்டேன். என்னங்க என்றேன். இங்கே பாருங்க என்றேன். தெருவெல்லாம் சயாமிகளும் சீனர்களும் அவரவர் ஆட்களைப் பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள், தன் பேர் காதில் விழுந்த ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள், அதை நான் கண்ணால் கண்டேன். அவர் பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் அவரும் திரும்பியிருப்பார். நாக்கு வரவில்லை சந்திரா. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை, புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். வாயைத் திறந்தேன், என்னங்க என்றுதான் மறுபடி வந்தது. குடை திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

மத்தியானத்தோடு சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. காலையில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட சயாம் சிப்பாய்களும் ஜப்பான்காரர்களும் மத்தியானம் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம், வழி விடச்சொல்லி. காலையில் நடுநிலை, மத்தியானம் சிநேகம், பொங்கல் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த நாடே சண்டையில் குதித்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆலைக் கூரையில் இரண்டு பேர் ஏறி எதையோ பூசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் கடை திறந்தார்கள், எல்லாம் பழையபடி நடந்தது, உன் அப்பா மட்டும் வரவில்லை.

மறுநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அரியரத்தினம் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. ஓம் தங்கச்சி, வந்தவர், மூட்டையை அவிட்டுப் பாத்தவர், பேப்பர் இல்லை எண்டவுடனே சிரிச்சவர், மனுசி அரிசி டின்னுக்குக் கீழைதான் வைச்சிருப்பா எண்டு சொல்லித் திருப்பிக் கட்டி எடுத்துக்கொண்டு, போட்டு வாறன் அண்ணை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர் என்றார். சிரித்தாராம். என்மேல் ஒரு கோபமும் இல்லாமல் வீட்டைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு ஒரு மைல்கூட இருக்காது. சுமை தூக்க ஆள் பிடித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள், பிறகு பர்மாப் பக்கம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று சிலர் சொன்னார்கள், அவர் செத்ததைப் பார்த்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. சண்டை முடியும்வரை நீயும் நானும் அந்த ஊரிலேயே கிடந்தோம், அதன் பிறகுதான் பினாங்கு.

வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் அந்த மூட்டை இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மண்ணில் காலடி இல்லை, அது மழை என்று வைத்துக்கொள்ளலாம். முடிச்சு மட்டும் என் முடிச்சு இல்லை. நான் இரட்டை முடிச்சுப் போடுவேன், இது ஒற்றை முடிச்சு, நுனியை உள்ளே செருகியிருந்தது, அவர் அப்படித்தான் வேட்டியைக்கூடக் கட்டுவார். நான் அதை அவிழ்க்கவில்லை. உன் கல்யாணத்தின்போது இது என்ன பழைய மூட்டை என்று கேட்டாயே, தாத்தா வீட்டுத் துணி என்றேனே, அதுதான் இது. இப்போது இந்த வீட்டு அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை செய்தி கேட்ட பிறகு மனசு கேட்காமல் அதை இறக்கினேன். அடிப்பக்கம் நனைந்திருந்தது. அலமாரியில் மற்றத் துணியெல்லாம் காய்ந்து கிடக்கிறது, இது மட்டும் பிழிந்தால் சொட்டும்போல ஈரம். கிரிஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பழைய கட்டடம் அத்தை, சுவர் ஓதம் காக்கும் என்றாள். படித்தவள், அவள் சொல்வது சரியாக இருக்கலாம். முகர்ந்து பார்த்தேன், உப்புக் காற்று வாடை. இங்கிருந்து கடல் பத்து மைல்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இன்னொன்றும் நடக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இவர்களுக்குப் புருஷன் பேர்தான் பெண்டாட்டிக்கும் பேர். தபால்காரர் கூப்பிடுகிறார், பாங்கில் கூப்பிடுகிறார்கள், டாக்டர் வீட்டில் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் கதவைத் திறந்து மிஸஸ் என்று சேர்த்து உன் அப்பா பேரைச் சொல்லி ஊருக்கே கேட்கிறமாதிரிக் கூப்பிடுகிறாள். நான் எழுந்திருப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலைத்தான் திரும்பிப் பார்க்கிறேன், மழையில் நனைந்துகொண்டு யாராவது உள்ளே வருகிறார்களா என்று. அந்தப் பெண் இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று உறைக்கிறது. எனக்குக் காது மந்தம் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகையால் என் கண்ணே, நான் சொல்வதைக் கேள். பரீட்சை போகட்டும், கடை போகட்டும், கண்ணாடி அலமாரி போகட்டும். பாஸ்போர்ட் நிஜமாகவே பெட்டியில்தான் இருக்கிறதா என்று முதலில் வீட்டைத் தேடிப் பார், ஞாபகத்தை நம்பாதே, அரிசி டின்னுக்கு அடியிலும் பார். பெட்டியில்தான் இருக்கிறது என்றால் மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பாதே, ஒரு எட்டில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவர் சொன்னாலும் விடாதே. நாலு பேரும் ஒன்றாகத் தேவராஜா வீட்டுக்குப் போங்கள், அங்கிருந்தே நேராக விமானம் ஏறுங்கள், வீட்டுக்குத் திரும்பவே கூடாது. சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும் வாசு மாமாவுக்குத் தந்தி கொடுங்கள், மீதியை அவன் பார்த்துக்கொள்வான், இமிகிரேஷன் ஆபீசில் பேசியிருக்கிறான். நீங்கள் எல்லோரும் இந்த வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கு அந்த முடிச்சை நான் அவிழ்க்கிறேன். உன் பத்து மாசச் சட்டை அதற்குள் இருக்கிறது, உன் மகளுக்குக் காட்டலாம்.

சின்னவனுக்குப் பல் விழுந்தால் எறியாமல் எடுத்து வரச்சொல். குழந்தைகளுக்கு வழியில் பச்சைத் தண்ணீர் கொடுக்காதே. எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், தீர்க்க சுமங்கலியாக இரு, இதை நான் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை என்று உனக்கு இப்போது தெரியும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கூட்டத்தில் மாப்பிள்ளை உன்னைவிட்டு நாலடி முன்னால் போய்விட்டால் என்னங்க என்று கூப்பிடாதே. அது யார் காதிலும் ஏறாது. ஈஸ்வரமூர்த்தி என்று பேர் சொல்லிக் கூப்பிடு. தொண்டை கிழியக் கூப்பிடு. ஆயுசு குறையாது, நான் பொறுப்பு. இப்போதே யாருமில்லாத அறையில் ஒருதரம் சொல்லிப் பழகு. நானும் இன்று காலையில் சமையலறையில் நின்று உன் அப்பா பேரை வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், இங்கே கீழே முதல்தடவையாக எழுதியும் இருக்கிறேன்.

உன் அம்மா,
மீனாம்பாள் வெங்கட்ராமன்